வாகைக்குளத்துக் காவலுக்கு யார் பணம் கட்டுவது?

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வாங்கிய பயணச்சீட்டின் கட்டண விவரத்தைக் கடைசிவரை படிப்பவர்கள் குறைவு. படித்துப் பார்த்தால், விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்று 200 ரூபாய் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். உள்நாட்டுப் பயணத்துக்கு விமானம் ஏறும் ஒவ்வொருவரும் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகையைச் செலுத்தி வருகிறோம்; வெளிநாடு செல்பவருக்கு அது 12 டாலர். ஆனால் திருநெல்வேலியிலிருந்து வல்லநாட்டுப் பாலத்தைக் கடந்து வாகைக்குளம் போகும் சாலையில் ரோந்து வரும் ஜீப்புக்கும், முக்கியப் பிரமுகர் வரும் நாளில் சுங்கச்சாவடியிலிருந்து நிலைய வாசல் வரை வெயிலில் நிற்கும் காவலர்களுக்கும் ஆகும் செலவு அந்த 200 ரூபாய்க்குள் அடங்குவதில்லை. அது மாநில அரசின் காவல் துறைக் கணக்கில், எந்தத் தலைப்பில் என்று தனியே சொல்லப்படாமல் கரைந்துபோகிறது. ஒரே நிலையத்தைக் காக்கும் செலவில் ஒரு பாதி பயணியின் ரசீதில் அச்சாகிறது, மறுபாதி எவர் கண்ணிலும் படுவதில்லை. இந்த மறுபாதியைக் கணக்கில் சேர்க்காமல் எந்த ஏற்பாடு மலிவானது என்று முடிவு செய்தால் அந்த முடிவு தவறாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பேச்சு இப்போது நம் பக்கத்துக்கு அவசரமானதற்குக் காரணம் உண்டு. 1992இல் தொடங்கிய இந்த நிலையம் நெடுங்காலம் 1,351 மீட்டர் ஓடுதளத்தோடு, சிறிய ரக விமானங்கள் மட்டும் வந்துபோகும் இடமாக இருந்தது. அந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, ஏறக்குறைய 450 கோடி ரூபாய்ச் செலவில் 17,340 சதுர மீட்டர் பரப்பில் கட்டப்பட்ட புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்தார். நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 1,350 பயணிகளையும், ஓர் ஆண்டில் 20 லட்சம் பேரையும் அது கையாள முடியும். கட்டடச் செலவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கட்டடம் ஒரு முறை செய்யும் செலவு; காவலோ விமானம் பறக்கும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆகும் செலவு. இன்று அங்கே எந்தச் சீருடை நிற்கிறது என்பதை ஆராய்வது என் நோக்கமன்று. வளர்ந்துவரும் ஒரு நடுத்தர நிலையத்துக்கு நீண்ட காலத்துக்கு எந்த ஏற்பாடு பொருந்தும், அதற்கான பணம் யாரிடமிருந்து வர வேண்டும் என்பதே கேள்வி.

விமான நிலையக் காவல் என்பது ஒரே வேலை அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாசலில் அடையாள அட்டையையும் பயணச்சீட்டையும் சரிபார்ப்பது ஒன்று. உள்ளே உலோகம் கண்டறியும் வாசல் போன்ற கருவியின் வழியாகப் பயணியை அனுப்பி, உடலைத் தடவிச் சோதித்து, கைப்பையை எக்ஸ்ரே கருவியில் பார்ப்பது இன்னொன்று. சுற்றுச்சுவரையும் கண்காணிப்புக் கோபுரத்தையும் காப்பது வேறு. ஆயுதத்தோடு எந்த நேரமும் பாயத் தயாராக நிற்கும் விரைவுப்படையும், வெடிகுண்டு நிபுணர்களும், மோப்ப நாய்களும் தனி. இவற்றுக்கெல்லாம் வெளியே, வாகன நிறுத்தம், அணுகுசாலை, ஆட்டோ தகராறு, திருட்டு, விபத்து, சுற்றியுள்ள ஊர்கள் என்று எந்தப் பேரூரிலும் இருக்கும் சாதாரணப் போலீஸ் வேலை இருக்கிறது. மத்தியப் படை, மாநிலக் காவல் துறை, தனியார் காவலாளிகள், நிலையத்தை நடத்துபவரே பணம் கட்டுவது என்ற நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது எந்த வேலைக்கு எந்த வழி என்று பிரித்துக் கேட்காவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

இவற்றில் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் நடப்பதை ஒருமுறை நிதானமாக நின்று பார்த்தேன். என் பெரியம்மாவைச் சென்னைக்கு அழைத்துச் சென்ற நாள் அது. கைப்பையில் இரண்டு கிலோ அல்வா இருந்தது; நெல்லையிலிருந்து வெளியூர் போகிறவர் பையில் அது இல்லாதிருந்தால்தான் வியப்பு. திரையில் உலோகப் பொருள் நீலமாகவும், உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள் ஆரஞ்சு நிறமாகவும் தெரியும். நெய்யும் சர்க்கரையும் கோதுமைப் பாலும் இறுகிய அல்வா, இடைவெளியில்லாத அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாகத் தெரிந்தது. வெடிமருந்துகளில் பலவும் அதே நிறத்தில், அதே அடர்த்தியில்தான் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பட்டையை நிறுத்தி, பையைத் தனியே எடுக்கச் சொல்லி, பெரியம்மாவின் முன்னிலையிலேயே பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பணிவோடு மறுபடி கட்டிக் கொடுத்தார். அரை நிமிடத்தில் எடுத்த முடிவு. அதற்குப் பின்னால் பயிற்சியும், தேர்வு எழுதிப் பெற்ற சான்றிதழும், ஓய்வும் இருக்க வேண்டும். ஒருவர் தொடர்ந்து சுமார் இருபது நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது என்பது விதி, ஏனென்றால் அதற்குமேல் கண் பார்த்தாலும் மனம் பார்ப்பதில்லை. ஆகவே ஒரு கருவிக்கு ஓர் ஆள் போதாது. மாற்றி மாற்றி உட்கார ஆள் வேண்டும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். ஓர் இடத்தில் இரவும் பகலும் ஓர் ஆள் நிற்க வேண்டுமானால் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் பயிற்சிக்கும் சேர்த்து நாலாவது ஆள் ஒருவர். இருபத்தைந்து இடங்கள் உள்ள சிறிய நிலையத்துக்கு நூறு பேர் ஆகிறது. சம்பளம், படி, ஓய்வூதியப் பங்கு, குடியிருப்பு, சீருடை, வாகனம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் மொத்தம் 9 கோடி. பாதுகாப்புக் கட்டணம் விமானம் ஏறுபவரிடம் மட்டுமே வாங்கப்படுகிறது, இறங்குபவரிடம் இல்லை. 200 ரூபாய் வீதம் 9 கோடி சேர 4.5 லட்சம் பேர் ஏற வேண்டும். அதாவது வருவோரும் போவோருமாக ஆண்டுக்கு 9 லட்சம் பயணிகள். 3 லட்சம் பயணிகள் மட்டும் வந்துபோகும் நிலையம் 3 கோடிதான் வசூலிக்கும். 6 கோடி துண்டு விழும். மாறாக, 20 லட்சம் பயணிகள் வந்துபோனால் 20 கோடி சேரும். அப்போது ஆள்களும் கூடத்தான் வேண்டும், என்றாலும் பயணிகள் பெருகும் அதே வேகத்தில் காவலர் எண்ணிக்கை பெருகுவதில்லை, ஏனென்றால் சுற்றுச்சுவர் அதே சுவர்தான், கோபுரங்களும் அதே கோபுரங்கள்தான். சிறிய நிலையத்துக்குத் தலைக்கு ஆகும் காவல் செலவு எப்போதும் பெரியதைவிட அதிகம். பின்வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

முதல் வழி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையை முழுமையாக நிறுத்திச் செலவைப் பயணிகளின் கட்டணத்திலிருந்து எடுப்பது. இந்தப் படை நம் சீமைக்குப் புதிதன்று. தூத்துக்குடித் துறைமுகத்தையும், கூடங்குளம் அணுமின் நிலையத்தையும், மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தையும் காப்பவர்கள் அவர்கள்தான். விமான நிலையங்களுக்கு அவர்கள் வந்த வரலாறு துயரமானது. 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்ட பின், 1978இல் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குள் அமைக்கப்பட்டது. 1985 ஜூனில் கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் இறந்த பிறகு அந்தப் பிரிவு 1987 ஏப்ரலில் தனித் துறையாக்கப்பட்டது. அப்போதும் நிலையங்களில் நின்றவர்கள் மாநிலக் காவலர்களே. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டிலிருந்து தில்லிக்கு வந்த விமானம் கடத்தப்பட்டு காந்தஹாரில் நிறுத்தப்பட்டதை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்னரே நிலையப் பாதுகாப்பை ஒரே படையிடம் ஒப்படைக்கும் முடிவு செயலுக்கு வந்து, 2000 பிப்ரவரி 3 அன்று ஜெய்ப்பூரில் முதன்முதலாக இப்படை பொறுப்பேற்றது.

இந்த வழியின் பெரிய பலம் பணம் திரளும் விதத்தில் இருக்கிறது. 2019 ஜூலையில் பழைய பயணியர் சேவைக் கட்டணத்துக்குப் பதிலாகப் பாதுகாப்புக் கட்டணம் வந்தபோது, அந்தந்த நிலையத்தின் வசூல் அந்தந்த நிலையத்துக்கே என்ற நிலை மாறி, நாடு முழுவதும் திரளும் தொகையை ஓர் அறக்கட்டளை நிர்வகித்துப் பகிரும் ஏற்பாடு வந்தது. தில்லியிலும் மும்பையிலும் மிகும் பணம், பயணிகள் குறைந்த நிலையத்தின் பற்றாக்குறையை நிரப்புகிறது. மேலே சொன்ன 6 கோடித் துண்டை அந்தச் சிறு நிலையமோ அந்த மாவட்டமோ தனியே சுமக்க வேண்டியதில்லை. அது நியாயமும்கூட, வாகைக்குளத்தில் சோதனை தளர்ந்தால் ஆபத்து வாகைக்குளத்தோடு நிற்பதில்லை, அங்கிருந்து ஏறியவர் இறங்கும் சென்னையிலும் அது இறங்கும். சங்கிலியின் எல்லாக் கண்ணிகளுக்கும் சேர்த்து எல்லோரும் பணம் கட்டுவதே முறை.

பலவீனங்களும் இருக்கின்றன. ஆள்களை அனுமதிக்கும் அதிகாரம் தில்லியில் இருப்பதால், நிலையத்தின் வேகமும் தில்லிக் கோப்பின் வேகத்துக்கு அடங்கிவிடுகிறது. மதுரை நிலையம் 24 மணி நேரமும் இயங்கும் நிலைக்கு 2024 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன் நீண்ட தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பாதுகாப்புப் படையினரின் எண்ணிக்கை போதாமையும் ஒன்று. ஓடுதளம் இருந்தும், விமான நிறுவனம் இருந்தும், காவலுக்கு ஆளில்லாமல் இரவு விமானம் வராமல் போகும் நிலை தூத்துக்குடிக்கும் வரலாம். மொழி இன்னொன்று. 2020 ஆகஸ்டில் சென்னை நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட தூத்துக்குடி மக்களவை உறுப்பினர் கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று ஓர் அதிகாரி கேட்டதாக அவரே வெளியிட்டபின், படை விசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு மக்களவை உறுப்பினர் நிலையே இதுவென்றால், பாம்படம் போட்ட காதோடு முதன்முறை விமானம் ஏற வரும் பாட்டியைத் தனி அறைக்குள் அழைத்துச் சோதிக்கும்போது அவர் மொழியில் நாலு வார்த்தை சொல்ல ஆள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. இது பணம் செலவிட்டுத் தீர்க்க வேண்டிய குறையன்று. பணியிட ஒதுக்கீட்டில் கவனம் வைத்தால் தீரும்.

இரண்டாவது வழி, மாநிலக் காவல் துறையே நிற்பது. காகிதத்தில் இதுதான் மிக மலிவானது. தமிழகத்தில் இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். மத்தியப் படையின் காவலருக்கு 21,700. உள்ளூர் மொழி, உள்ளூர் முகம், உள்ளூர் வழக்குகள் எல்லாம் தெரிந்தவர்கள். உடான் திட்டத்தில் சேரும் நிலையங்களுக்கு மாநில அரசு காவலையும் தீயணைப்பையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று. சிறிய ஊர்களுக்கு விமானம் வர வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட நிபந்தனை அது. இலவசம் என்ற சொல்தான் இங்கே என்னை உறுத்துகிறது. நிலையத்துக்கு இலவசம், விமான நிறுவனத்துக்கு இலவசம், மாவட்டத்துக்கு இலவசமன்று.

மாவட்டத்தில் காவலர்கள் கையிருப்புச் சரக்கு போல அடுக்கிவைக்கப்பட்டிருப்பதில்லை. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி, சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர்க் கடற்கரையில், தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்தில், செப்டம்பர் 11க்குப் பரமக்குடிக்கு, அக்டோபர் 30க்குப் பசும்பொன்னுக்கு என்று தென்மாவட்டக் காவலர்களின் ஆண்டு நாட்காட்டி பந்தோபஸ்தாலேயே நிரம்பியிருக்கிறது. 2025 ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 7ஆம் தேதி திருச்செந்தூர்க் குடமுழுக்கு, 26ஆம் தேதி வாகைக்குளத்துக்குப் பிரதமர் வருகை. இரண்டும் ஒரே மாவட்டத்தில், இருபது நாள் இடைவெளிக்குள். இப்படிப்பட்ட ஒரு படையிலிருந்து நிரந்தரமாக நூறு பேரை எடுத்து விமான நிலையத்தில் வைத்தால், அந்த நூறு பேர் எங்கிருந்து எடுக்கப்படுகிறார்கள்?

அதற்கான விடையை நான் ஒரு காவல் நிலையத் திண்ணையில் கண்டேன். ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் ஒன்று. எங்கள் பக்கத்து வயல்காரர் ஒருவரின் ஆறு வெள்ளாடுகள் இரவோடு இரவாக வண்டியில் ஏற்றப்பட்டுவிட்டன. டயர்த் தடம் மண்ணில் தெளிவாக இருந்தது; காலையிலேயே வந்து பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பியது என்றாவது தெரியும் என்று அவரோடு நானும் போனேன். நிலையத்தில் பாராவுக்கு ஒருவர், மேசையில் எழுத்தர் ஒருவர், அவ்வளவுதான். "எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்காவ அண்ணாச்சி, நாளைக்கழிச்சு வாங்க, எழுதிக்கிடுவோம்" என்றார் எழுத்தர். அவர் பேச்சில் அலட்சியம் இல்லை, இயலாமைதான் இருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து அவர் வீட்டுக்கே போகவில்லை என்று பிறகு தெரிந்தது. மறுநாள் பெய்த மழையில் தடம் அழிந்தது. மனு ரசீது நான்காம் நாள் கிடைத்தது, ஆடுகள் கிடைக்கவில்லை. அன்றைய பந்தோபஸ்து விமான நிலையத்துக்கானது அன்று, வேறொரு நிகழ்ச்சிக்கானது. ஆனால் கணக்கு ஒன்றுதான். எங்கோ ஓரிடத்தில் இலவசமாக நிற்கும் காவலருக்கான விலையை, அவர் இல்லாத இடத்தில் இருப்பவர் கட்டுகிறார். அந்த ஆடுகளின் விலை எந்த நிலையத்தின் வரவுசெலவிலும் எழுதப்படப்போவதில்லை.

இந்த வழிக்கு இன்னொரு குறையும் உண்டு. எக்ஸ்ரே திரையில் அமர்வதற்குப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய காவலர் இரண்டு மூன்று ஆண்டில் வேறு நிலையத்துக்கு மாறுதலாகிப் போய்விடுவார். அவருக்குச் செய்த பயிற்சிச் செலவு அவரோடு போய்விடும். அடுத்தவருக்கு மறுபடி தொடங்க வேண்டும். எல்லா நிலையங்களிலும் இதே வேலையைச் செய்யும் ஒரு படைக்குள் மாறுதல் நடந்தால் அந்தத் திறமை வீணாவதில்லை.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனியார் காவலாளிகள் மலிவு. 2016ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை, மையமல்லாத, அதாவது துணைநிலைப் பாதுகாப்புப் பணிகளுக்குத் தனியாரை, குறிப்பாக ஓய்வுபெற்ற படைவீரர்களைப் பயன்படுத்தலாம் என்றது. அதன் தொடர்ச்சியாக மத்தியப் படையின் 3,049 விமான நிலையப் பணியிடங்கள் நீக்கப்பட்டு, 1,924 தனியார் காவலர்களும் கண்காணிப்புக் கருவிகளும் அவற்றின் இடத்தை நிரப்புவார்கள் என்று 2022இல் செய்தி வந்தது. வரிசையை ஒழுங்குபடுத்துவது, தட்டுகளை எடுத்துவைப்பது, வாகன நிறுத்தத்தைக் கவனிப்பது ஆகியவற்றுக்குத் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர் தேவையில்லை என்பதை ஏற்கலாம். நம் ஊர்களில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையும் ஆகும். ஆனால் திரையும் தடவிச் சோதிப்பதும் தனியாருக்குப் போகக் கூடாது. அமெரிக்காவில் 2001க்கு முன் பயணிகளைச் சோதித்தவர்கள் விமான நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு அமர்த்திய தனியார் ஆள்களே. யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கு ஒப்பந்தம், அவர் கொடுக்கும் குறைந்த கூலிக்கு நிலைக்காத ஆள்கள் என்று நடந்துவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், நவம்பரிலேயே அந்த வேலையை அரசு தன் கையில் எடுத்துக்கொள்வதற்கான சட்டம் வந்தது.

நான்காவது வழி நம் நாட்டில் அதிகம் பேசப்படாதது: நிலையத்தை நடத்துபவரே வெளிப்புறக் காவலுக்கும் பணம் கட்டுவது. பிரிட்டனில் முன்பு அரசு பெயர் குறித்த ஒன்பது நிலையங்கள் மட்டுமே காவல் துறைக்குக் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. மற்ற நிலையங்களுக்கான செலவு பெரும்பாலும் அந்தந்த வட்டாரக் காவல் துறையின் தலையில் விழுந்தது. 2009இல் வந்த சட்டம் அந்தப் பெயர்ப் பட்டியலை நீக்கி, ஒவ்வொரு நிலையமும் வட்டாரக் காவல் துறையோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை எழுத வேண்டும், எத்தனை காவலர், எந்த நேரம், எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும், அந்தத் தொகையை நிலையம் கட்ட வேண்டும் என்று வகுத்தது. நமக்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. நெல்லை ஜங்ஷனில் திருட்டு நடந்தால் வழக்குப் பதியும் ரயில்வே போலீஸ் மாநில அரசின் படை. அதன் செலவில் பாதியை ரயில்வேயும் பாதியை மாநிலமும் ஏற்கின்றன. ரயில்வே சொத்தையும் பயணியையும் காக்கும் பாதுகாப்புப் படை தனி, அது முழுக்க மத்திய அரசுடையது. ஒரே நடைமேடையில் இரண்டு சீருடைகள் நின்றாலும், யார் எதற்குப் பொறுப்பு, யார் எவ்வளவு கட்டுவது என்ற விஷயம் எழுத்தில் இருக்கிறது. தண்டவாளத்துக்குச் செய்ததை ஓடுதளத்துக்குச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அரசியலமைப்பில் விமான நிலையம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஒப்பந்தம் இல்லாவிட்டால் பலமில்லாதவர் தலையில் பாரம் விழும்.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. காவல் செலவை நிலையத்தின் தலையில் வைத்தால் நிலையம் அதைப் பயணியின் தலையில் வைக்கும். கட்டணம் ஏறினால் வளரும் நிலையம் வளராது. பயணிகள் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ காரில் போய்விடுவார்கள். நம் பக்கத்தில் விமானம் ஏறுபவர் எல்லோரும் வசதி படைத்தவர்களும் அல்லர். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுச் சென்னை வழியாகத் திரும்பும் தொழிலாளிக்கு நூறு ரூபாயும் பெரிது. மேலும் நிலையப் பாதுகாப்பால் பயன்பெறுபவர் பயணி மட்டுமல்லர். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு கொழும்பு விமானத்துக்கென வந்த பெட்டிகளில் இருந்தது. ஆனால் அது வெடித்ததும் ஏறக்குறைய முப்பது உயிர்களைக் குடித்ததும் தரையில், நிலையக் கட்டடத்துக்குள். ஆகவே பொதுப்பணத்திலிருந்து ஒரு பங்கு வருவதில் தவறில்லை. ஆனால், ஆயுளில் ஒருமுறையும் விமானம் ஏறாமல் பேருந்தில் போய்வரும் ஆட்டுக்காரர் அந்தப் பங்கை வரியாகவும் கட்டி, தன் காவல் நிலையத்துக் காவலரையும் இழக்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது. பங்கு என்றால் அது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனவே என் தேர்வு இப்படி அமைகிறது. முனையத்துக்குள் நடக்கும் சோதனை, ஓடுதளம், சுற்றுச்சுவர் ஆகியவை முழுக்க மத்தியப் படையிடம் இருக்க வேண்டும். செலவு நாடு தழுவிய கட்டணத் திரளிலிருந்து வர வேண்டும். சிறு நிலையம் என்பதற்காக அதன் சொந்த வசூலுக்குள் ஆள்களைக் குறைக்கக் கூடாது. வரிசையும் வண்டி நிறுத்தமும் ஓய்வுபெற்ற படைவீரர்களிடம் விடப்படலாம். நிலையத்துக்கு வெளியே உள்ள சாலை, வழக்கு, கூட்டம் ஆகியவை மாவட்டக் காவல் துறைக்கே உரியவை. வேறு யாராலும் அதைச் சரியாகச் செய்யவும் முடியாது. அதற்கென்று தனியே பணியிடங்கள் உருவாக்கப்பட்டு, ரயில்வே போலீஸுக்கு நடப்பதுபோல் பாதிச் செலவை நிலையத்தை நடத்தும் விமான நிலைய ஆணையமும் பாதியை மாநிலமும் ஏற்க வேண்டும்.

கட்டணத் திரளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அமெரிக்காவில் பயணி கட்டும் பாதுகாப்புக் கட்டணம் 2014இல் ஒரு வழிக்கு 5.60 டாலராக உயர்த்தப்பட்டபோது, அதன் ஒரு பகுதி அரசின் பொதுப் பற்றாக்குறையைக் குறைக்கத் திருப்பப்பட்டது. நம் நாட்டிலும் பழைய கட்டண முறையில், அந்தப் பணத்தைக் கொண்டு கருவி வாங்குவது போன்ற மூலதனச் செலவைச் செய்யலாமா என்று அமைச்சகத்துக்கும் பெரிய தனியார் நிலையங்களுக்கும் இடையே நெடிய வழக்கு நடந்தது. பாதுகாப்பு என்று பெயர் சொல்லி வாங்கும் பணம் பாதுகாப்புக்குத்தான் போகிறதா என்று பயணி பார்க்க ஒரு வழி இருக்க வேண்டும். நிலையவாரியாக எவ்வளவு வசூல், எத்தனை ஆள்கள், எவ்வளவு செலவு என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் வெளியிட்டாலே போதும். ஆள்களின் எண்ணிக்கையை வெளியிடுவது பாதுகாப்புக்கு ஊறு என்றால் தொகையை மட்டும் வெளியிடலாம்.

மாவட்டக் காவல் துறையோடு செய்யும் ஒப்பந்தத்தில் நான் மிகவும் வற்புறுத்துவது ஒரே ஒரு பிரிவைத்தான். முக்கியப் பிரமுகர் வருகைக்கோ அவசரத்துக்கோ கிராமப்புற நிலையங்களிலிருந்து காவலர்களை விமான நிலையத்துக்கு எடுக்க நேர்ந்தால், எந்த நிலையத்திலிருந்து எத்தனை பேர், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டார்கள், எந்தத் தேதியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பது எழுதப்பட வேண்டும். அந்த நாள்களுக்கான தொகை மாவட்டக் கணக்குக்கு வர வேண்டும். அந்த நாள்களில் அந்த நிலையத்துக்கு வரும் மனுவைப் பதிய, பாராக்காரரையும் எழுத்தரையும் தவிர, வெளியே போய்ப் பார்க்கக்கூடிய ஒருவராவது விட்டுவைக்கப்பட வேண்டும்.